தரைக்குக் கீழே போகும் பணம்

தை அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும் சென்னைக்கு மேற்கே உள்ள கிராமங்களில் வீட்டு வேலை தொடங்கிவிடும். திருமழிசை, வெள்ளவேடு, பட்டாபிராம், திருநின்றவூர் என்று எந்தப் பாதையில் போனாலும் ஜல்லி லாரியும் செங்கல் டிராக்டரும் எதிரே வருகின்றன. ஆவடியிலும் அம்பத்தூரிலும் மனை வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு எஞ்சினியர் இருக்கிறார், வங்கிக் கடன் இருக்கிறது. கழனியில் கொஞ்சம் விற்று, மீதிக் கழனியின் ஓரத்தில் வீடு கட்டிக்கொள்ளும் சிறு விவசாயிக்கு மேஸ்திரி ஒருவர்தான் எல்லாம். அவருக்காக எழுதுவது இது.

என் அக்காள் கணவருக்குப் பூவிருந்தவல்லிக்கு மேற்கே ஓர் ஏரிப் பாசனத்தில் ஒன்றே முக்கால் ஏக்கர் நன்செய் இருந்தது. 2011-ல் அதில் 20 சென்ட் விற்றார். அந்தப் பணத்தில் சாலையோரமாக 800 சதுர அடியில் வீடு எழும்பியது. வாசலுக்குத் தேக்கு நிலை, கூடத்துக்கு வழவழப்பான டைல்ஸ், முகப்பில் இரண்டு தூண். 2012 ஆவணியில் கிரகப்பிரவேசம் செய்தோம். ஊரே பார்த்துவிட்டுப் போயிற்று.

2013 சித்திரையில் ஜன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. கொத்தனாரை அழைத்துப் பூசினார்கள். அந்த ஐப்பசி மழையில் கதவு சாத்த முடியாமல் இறுகிக்கொண்டது. அடுத்த கோடையில் பூசிய இடமே மறுபடி திறந்தது. சுண்டுவிரல் உள்ளே போயிற்று. 2015 டிசம்பரில் கூடத்தில் ஓரடி தண்ணீர். மகள் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் பாதி, அந்த வீட்டுக்குச் செய்த மராமத்திலேயே கரைந்தது.

"நிலைக்கும் தூணுக்கும் ஆன பணத்த அடியில போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்காது மச்சான்" என்று இன்றைக்கும் சொல்வார். கடைக்கால் தோண்டியது மூன்றடி. பேஸ்மட்டம் கழனி மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி. அந்த இரண்டு அளவுகளும்தான் தவறு. மேஸ்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. மணல் கலந்த மேட்டு நிலத்தில் அவர் கட்டிய வீடுகள் நன்றாகவே நிற்கின்றன. களியில் அவருக்குப் பழக்கமில்லை, எங்களுக்கும் அதைக் கேட்கத் தெரியவில்லை.

நத்தமும் கழனியும்

பழைய கிராமம் எதையும் கவனித்துப் பாருங்கள். ஊர் நத்தம் மேட்டில் இருக்கும். ஏரிக்கரை, மதகு, கால்வாய், அதற்குக் கீழே ஆயக்கட்டு என்று நிலம் சரிந்துகொண்டே போகும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்றுதான் நம் முன்னோர் அந்த இடங்களைக் கழனியாக வைத்துக்கொண்டார்கள். மேட்டில் கட்டிய வீட்டுக்குக்கூட இடுப்பளவு உயரத்தில் திண்ணை வைத்தார்கள்.

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைகள் வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. ஏரிகளின் ஆயக்கட்டுகள் ஒவ்வொன்றாக மனையாயின. மனை பிரிக்கும்போது கல் நட்டார்களே தவிர, தண்ணீர் வரும் வழியை யாரும் மாற்றவில்லை. அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போவது பழைய வழி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் நீரில் நின்றதற்கு அந்தப் பழைய வழியும் ஒரு காரணம்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைவரை செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். அந்த நீர் ஏறிய கறை பல வீடுகளின் சுவர்களில் இன்னும் இருக்கிறது. வீடு கட்டப் போகிறவர் முதலில் தேட வேண்டியது அந்தக் கறையைத்தான். பக்கத்து வீட்டுச் சுவர், பம்ப்செட் அறை, பள்ளிக்கூடம், கோயில் மதில் என எங்காவது அடையாளம் கிடைக்கும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் மட்டத்தைக் கொண்டு அந்த உயரத்தை உங்கள் மனைக்குக் கொண்டுவந்து, ஒரு முளையில் ஆணி அடித்து வைத்துக்கொள்ளுங்கள். தரைமட்டம் அதற்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி இருக்கட்டும். சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் நாலு விரற்கடை உயர்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையம் வழியாக அனுமதி பெறலாம். ஆனால் நன்செய் என்றே பதிவாகியிருக்கும் இடத்துக்கு முதலில் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். இதை முடிக்காமல் கடைக்கால் தோண்டினால், பின்னால் மின் இணைப்புக்கும் கடனுக்கும் அலைய நேரும்.

மண்ணெண்ணெய்ச் சோதனை

உரம் இடுவதற்கு முன் மண் பரிசோதனை செய்கிற விவசாயிகள் இப்போது அநேகம். அந்தப் பரிசோதனை வீட்டுக்கு உதவாது. வீட்டுக்குத் தெரிய வேண்டியது மண்ணின் சத்து அல்ல. தண்ணீர் பட்டால் அது எவ்வளவு உப்புகிறது என்பதுதான். கோடையில் கழனி பாளம் பாளமாக வெடிப்பதையும், முதல் மழையில் வெடிப்பு மூடிக்கொள்வதையும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்த வெடிப்பின் மேல் நான்கு சுவரை வைத்தால் சுவரும் அதோடு சேர்ந்துதான் ஏறி இறங்கும். வீட்டின் நடுப்பகுதி மண் காயாமல் இருக்கும், ஓரத்து மண் காய்ந்து சுருங்கும். ஒரே வீட்டின் ஒரு பக்கம் நின்று மறுபக்கம் இறங்குவதால்தான் விரிசல் சாய்வாக விழுகிறது.

ஆய்வுக்கூடங்களில் செய்யும் ஒரு சோதனையை வீட்டிலேயே உத்தேசமாகச் செய்து பார்க்கலாம். மேல்மண்ணை விட்டுவிட்டு மூன்றடி ஆழத்திலிருந்து ஒரு கை மண் எடுத்து, நன்கு காயவைத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். ஒரே அளவான, நேராக உயர்ந்த இரண்டு கண்ணாடிக் குழல்களில் ஒரே எடையுள்ள தூளைப் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கிவிட்டு ஒரு நாள் அப்படியே விடுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீரில் படிந்த மண் எவ்வளவு கூடுதலாக உயர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். மண்ணெண்ணெயில் 2 அங்குலம் நிற்கும் மண் தண்ணீரில் 3 அங்குலம் நின்றால் அது கடுமையாக உப்பும் களி. அப்படிப்பட்ட இடத்தில் எஞ்சினியர் வந்து பார்க்காமல் ஒரு கூடை மண்ணும் தோண்டக் கூடாது. கொஞ்சமாகத்தான் கூடுகிறது என்றால் வழக்கமான அஸ்திவாரத்தையே ஆழப்படுத்திச் சமாளிக்கலாம். இந்தச் சோதனை எஞ்சினியருக்குப் பதிலாகாது. அவரை அழைக்கத்தான் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள உதவும்.

கடுமையான களிக்கு நம் நாட்டில் கைகண்ட முறை ஒன்று இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் பரப்பிய, அடியில் பருத்த பைல் அஸ்திவாரம். ஓரடி விட்டத்துக்குள் குழி துளைத்து, அடியில் குழியின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்குக் குடம் போல அகலப்படுத்தி, கம்பிக் கூடு இறக்கிக் கான்கிரீட் நிரப்புகிறார்கள். உப்பும் களியில் இதன் ஆழம் மூன்றரை மீட்டருக்கு, அதாவது பதினொன்றரை அடிக்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தரவிதி. அந்த ஆழத்தில் கோடைக்கும் மழைக்கும் மண்ணின் ஈரம் அதிகம் மாறுவதில்லை. மேலே மண் ஏறி இறங்கினாலும் அடியில் இருக்கும் குடம் பிடித்துக்கொள்ளும்.

பைல்களின் தலைகளை இணைத்து ஓடும் பீமுக்கும் கீழே உள்ள மண்ணுக்கும் இடையில் மூன்று அங்குலமாவது வெற்றிடம் விட வேண்டும். மண் உப்பும்போது உப்பிக்கொள்ள இடம் வேண்டுமே. பல மேஸ்திரிகள் இதைக் கண்டதும் ஏதோ குறை என்று நினைத்து மண்ணைத் தள்ளி அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் பைல் போட்ட பணம் வீண். பக்கவாட்டில் மண் சரிந்து உள்ளே போகாமல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கித் தடுத்தால் போதும்.

பைலுக்கு வசதியில்லாதவர்கள் களியை ஆழமாக அள்ளிவிட்டுக் கடைக்காலில் மணல் நிரப்புவது வழக்கம். எனக்கு இதில் சம்மதமில்லை. சுற்றிலும் களி இருக்க நடுவில் மணலைக் கொட்டினால் அது ஊற்றுக் கிணறு மாதிரித்தான். மழைநீரெல்லாம் அங்கே வந்து தேங்கி அடிக்களியை ஊறவைக்கும். மணலுக்குப் பதில் சிவப்புக் கிராவலை நிரப்பி இடிப்பது மேல்.

எந்த மாதத்தில் தோண்டுவது

பஞ்சாங்கத்தில் வாஸ்து புருஷன் கண் விழிக்கும் நாட்கள் எட்டு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. நம்பிக்கை உள்ளவர்கள் நாள் பார்த்தே தொடங்கட்டும். ஆனால் நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசி 11-லும் கார்த்திகை 8-லும் தோண்டிய கடைக்கால் குளமாகிவிடும். தண்ணீரை இறைத்துவிட்டுச் சேற்றின் மேல் கான்கிரீட் போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். தை 12, மாசி 22 இரண்டும் நமக்கு ஏற்றவை. மாசியில் தொடங்கினால் பேஸ்மட்டம் சித்திரைக்குள் எழும்பிவிடும், ஆடி ஆவணிக்குள் கூரை ஏறிவிடும், மழைக்கு முன் வெளி வேலை முடிந்துவிடும்.

தோண்டிய பள்ளத்தை நாள்கணக்கில் வெயிலில் காயவிடுவதும் தவறு. அடிக்களி வெடித்த பிறகு அதன் மேல் கான்கிரீட் போட்டால், பின்னால் ஈரம் ஏறும்போது அது கான்கிரீட்டைத் தூக்கும். கம்பி, ஜல்லி, சிமென்ட், ஆள் எல்லாம் தயாரான பிறகு தோண்டுங்கள். தோண்டிய இரண்டொரு நாளில் மூடிவிட வேண்டும்.

வண்டல் வேண்டாம்

பேஸ்மட்டத்தை உயர்த்த லாரி லாரியாக மண் தேவைப்படும். கையில் கழனி இருக்கும்போது ஏன் விலைக்கு வாங்க வேண்டும் என்று தோன்றும். கழனியின் மேல்மண் முக்கால் அடியைச் சுரண்டி வீட்டுக்கு அடியில் போட்டவர்களுக்கு இரண்டு நஷ்டம். உரமேறிய மேல்மண் போனதால் சில ஆண்டுகளுக்கு விளைச்சல் விழும். வீட்டுக்கு அடியிலும் அதே உப்பும் களி. செங்கல் சூளைக்கு மேல்மண் விற்றவர்களைக் கேட்டால் முதல் நஷ்டத்தைப் பற்றி விவரமாகச் சொல்வார்கள்.

ஏரி வண்டலும் அப்படித்தான். வண்டல் கழனிக்கு நல்ல எரு. அதை விவசாயிகள் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருவது கழனிக்காக. பேஸ்மட்டத்துக்கு வேண்டியது கிராவல் அல்லது மணற்பாங்கான சவுடு. ஜல்லிக் குவாரித் தூளும் ஆகும். கிடைக்கும் இடத்தில் ரசீதோடு வாங்குங்கள்.

கொட்டும் விதத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். ஐந்து லாரியை ஒரே மூச்சில் தள்ளி, மேலே குழாய்த் தண்ணீர் விட்டுவிட்டு "தானா படியும்" என்று போய்விடுவார்கள். தானாகப் படிய இரண்டு மழைக்காலம் ஆகும். அதற்குள் டைல்ஸ் உள்வாங்கிவிடும். அரை அடி மண், அளவாகத் தெளித்த தண்ணீர், திமிசு அல்லது இடிக்கும் இயந்திரம். மறுபடி அரை அடி. இப்படி அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். நாலடி உயரத்துக்கு எட்டு அடுக்கு. ஆள் கூலி கூடும்தான்.

செங்கல், மணல், கம்பி

திருவள்ளூர் மாவட்டத்தில் சூளைகள் அதிகம் என்பதால் நமக்குச் செங்கல் தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து அறுக்கும் ஏழைகளின் உழைப்பு அது. அவர்களில் பலர் முன்பணக் கடனில் சிக்கிக் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். செங்கல்லைத் தட்டினால் மணிச்சத்தம் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு சோதனையும் செய்யுங்கள். காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமுக்கு மேல் போனால் அது தண்ணீர் குடிக்கும் கல், பேஸ்மட்டத்துக்கு வேண்டாம்.

மணலை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் 100 கனஅடி. லாரித் தொட்டியின் நீள, அகல, உயரத்தை அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். டிரைவர் முறைத்தால் முறைக்கட்டும். ஈர மணல் உப்பிக்கொண்டு நூற்றுக்கு 20, 25 பங்கு கூடுதல் இடம் பிடிக்கும் என்பதால் மழை நாளில் வாங்கினால் ஏமாற்றம். இப்போது பெரும்பாலும் எம்-சாண்ட்தான் வருகிறது. நல்ல ஆலையில் கழுவி வந்த எம்-சாண்டில் குறை இல்லை. குவாரித் தூளையே எம்-சாண்ட் என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. ஒரு பாட்டிலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் மென்தூள் மணலின் உயரத்தில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பலாம். பூச்சுக்கு வேறு மணல், பி-சாண்ட் என்று கேட்டு வாங்க வேண்டும்.

கம்பியை எடையில் வாங்குகிறோம், வீட்டுக்கு எண்ணிக்கையில் தேவைப்படுகிறது. 12 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பி ஒன்று ஏறக்குறைய 4.7 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.7 கிலோ, 16 மி.மீ. 19 கிலோ. இந்த எடைக்குக் கணிசமாகக் குறைந்தால் கம்பி மெலிவு. சிமென்ட்டை விதை நெல்லைப் போலப் பாதுகாக்க வேண்டும். பலகை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். மூன்று மாதம் கடந்த சிமென்ட் வலுவில் கால் பங்கை இழந்திருக்கலாம். அதை அஸ்திவாரத்துக்கும் கூரைக்கும் போடக் கூடாது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. குடிக்கத் தகுந்த தண்ணீர்தான் கான்கிரீட்டுக்கும் தகுந்தது. உப்புக் கரிக்கும் போர்வெல் நீர் கம்பியை அரிக்கும். இன்னொன்று, இலவச விவசாய மின் இணைப்பில் ஓடும் மோட்டாரை வீட்டு வேலைக்குப் போடாதீர்கள். அது விதிமீறல், அபராதம் வரும். தற்காலிக இணைப்பு கேட்டுப் பெறலாம்.

குத்தம்பாக்கத்து மண் கட்டி

செங்கல் செலவைக் குறைக்க வழி உண்டா என்று கேட்கிறவர்கள் பூவிருந்தவல்லி ஒன்றியத்துக் குத்தம்பாக்கத்தைப் போய்ப் பார்க்கலாம். 1996 முதல் இரண்டு முறை அங்கே ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோ, வேதியியல் பொறியாளர். மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவர் காலத்தில் அங்கே அமைந்த சமத்துவபுரத்தில் ஒரு சுவரைப் பொதுவாகக் கொண்ட 50 இரட்டை வீடுகள் கட்டினார்கள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம். ஊர் மக்களே இயந்திரத்தில் அழுத்திச் செய்த மண் கட்டிகளை அங்கே வீடு கட்டப் பயன்படுத்தினார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், கூலி ஊருக்குள்ளேயே நின்றது.

இந்த முறையை பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1970-களிலிருந்து ஆராய்ந்து வளர்த்தது. மண்ணோடு நூற்றுக்கு 7, 8 பங்கு சிமென்ட் கலந்து, கை இயந்திரத்தில் அழுத்தி, இரண்டு மூன்று வாரம் நனைத்து வைத்தால் கட்டி தயார். நம் கழனிக் களியை அப்படியே போட்டால் கட்டி வெடிக்கும். மணல் பங்கு பாதிக்கு மேல் இருக்குமாறு குவாரித் தூள் சேர்க்க வேண்டும். வெள்ளம் ஏறும் மட்டம் வரை சுட்ட செங்கல், அதற்கு மேல் மண் கட்டி என்று கட்டுவது நமக்கு ஏற்றது. கூரையும் சுவருக்கு வெளியே நன்றாக நீண்டிருக்க வேண்டும்.

கூரை போடும் நாள்

கூரைக் கான்கிரீட் அன்று ஊரையே கூப்பிட்டுப் பிரியாணி போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. போடுங்கள், ஆனால் பந்திக்குப் போகாமல் ஒருவர் மிக்சர் பக்கத்திலேயே நிற்கட்டும். கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூட்டைக்கு 25 லிட்டர் போதும். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலக் கவர் கட்டை இருக்கிறதா என்று கான்கிரீட் விழுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். விழுந்த பிறகு பார்க்க முடியாது.

மறுநாள் கூரை மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் வேலை. வரப்பு கட்டி நீர் நிறுத்த நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 14 நாள் பாத்தி காயக் கூடாது. பில்லருக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள். சவுக்கு முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுக்க வேண்டாம். சென்ட்ரிங் காரருக்கு அடுத்த வேலைக்குப் பலகை தேவைப்படும், அவசரப்படுத்துவார்.

மேஸ்திரிக்குக் கூலி மட்டும் பேசிப் பொருளை நீங்களே வாங்கிக் கொடுப்பது சிறு வீட்டுக்கு லாபம். நடவு வாரத்திலும் அறுப்பு வாரத்திலும் நீங்கள் வேலையிடத்தில் இருக்க முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல் கட்டக் கணக்கில் கொடுங்கள்: பேஸ்மட்டம், லின்டல், கூரை, பூச்சு. ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

வீடு முடிந்த பிறகும் களி சும்மா இருக்காது. சுவரைச் சுற்றி நாலடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகச் சிமென்ட் தளம் போட வேண்டும். குளியலறைத் தண்ணீரை வாழைக்கு விடுவது நல்ல பழக்கம்தான். வாழை சுவரோரம் இருக்கக் கூடாது, பத்தடி தள்ளி இருக்கட்டும். வேம்பு, அரசு போன்ற மரங்கள் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுவது நல்லது. கோடையில் அவை வேரால் உறிஞ்சும் ஈரம் சுவருக்கு அடியில் உள்ள களியைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே விரிசல் விட்ட வீடு என்றால், விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஓராண்டு கண்ணாடி உடையாமல் இருந்தால் பூசிக்கொள்ளலாம். உடைந்தால் பூசுவது வீண் செலவு. தண்ணீர் போகும் வழியை முதலில் சரிசெய்யுங்கள்.

என் அக்காள் கணவர் 2019 மாசியில் மகனுக்காக இரண்டாவது வீட்டைத் தொடங்கினார். இந்த முறை எஞ்சினியர் வந்தார், பைல் இறங்கியது, பேஸ்மட்டம் கழனிக்கு மேல் நாலடி. மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தரைமட்டத்துக்கு வருவதற்குள்ளேயே போய்விட்டது என்று அவர் கணக்கு நோட்டு சொல்கிறது. தேக்கு நிலை இல்லை, வேம்பு நிலைதான். "ஏழு படி ஏறி இறங்கறதுக்குள்ள முட்டி போவுது" என்று அக்காள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். 2023 டிசம்பரில் தண்ணீர் நாலாவது படி வரை வந்து நின்றது. அன்று இரவு பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று குடும்பங்கள் அந்தக் கூடத்தில் படுத்திருந்தன.

வெளிச்சுவருக்கு இன்னும் பூச்சு வேலை பாக்கி. அடுத்த போகம் விற்றதும் பூசுவதாகச் சொல்கிறார்.